இருபத்தெட்டுப் பெயர், இருபத்தோரு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியிலும், பேஸ்பால் போன்ற மட்டைப் பந்தாட்டமான சாஃப்ட்பால் அணியிலும் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டு போட்டிகளும் ஒரே வாரத்தில் வந்ததும் விழிக்கிறார்களாம். ஒருத்திக்கு ஒரு விளையாட்டு என்று விதி செய்துவிட்டால் தொல்லை தீர்ந்ததாம். ஆசைக்கு அளவு வேண்டாமா என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். ஆனாலும் அவர் சொன்ன கணக்கில் எங்கே பிழை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிழைக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருடம் நின்றிருக்கிறேன்.

நெல்லை வட்டாரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றால் விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுகிற வேலை என்று என் மைத்துனர் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை. உண்மையில் மைதானத்தில் கோடு போடுகிறவன். வலை கட்டுவது, பந்துக்குக் காற்று அடிப்பது, மட்டைகளை எண்ணிப் பூட்டுவது, ஆடுகளை விரட்டுவது எல்லாம் அதில் அடக்கம். 1983-இல் சேர்ந்தேன். அடுத்த வருடமே கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு புதிதாக வந்தது, வளையத்திலிருந்து 6.25 மீட்டர். 2010-இல் அதை 6.75 ஆக்கினார்கள். வளையத்துக்குக் கீழே இருந்த சரிவக வடிவக் கட்டத்தை நீள்சதுரமாக்கச் சொன்னார்கள். பழைய பெயின்டை மண்ணெண்ணெய் ஊற்றி, இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அதற்குப் பிறகும் மழை பெய்து தளம் நனைந்தால் பழைய கோடு மங்கலாகத் தெரியும். அதை மிதித்து நின்று, மூன்று புள்ளி என்று நினைத்துப் பந்தை எறிந்து ஏமாந்த பெண்கள் உண்டு.

சிமெண்ட் தளத்தில் ஒருமுறை போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். சாஃப்ட்பால் அப்படி இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் மண்ணில் புதிதாகச் சுண்ணாம்புப் பொடி தூவ வேண்டும். மட்டை பிடிப்பவள் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டின் முனையில் ஒரு முளை. அங்கிருந்து நேர்கோட்டில் 84 அடி 10¼ அங்குலத்தில் அடித்தவள் ஓடித் தொட வேண்டிய இரண்டாம் பேஸுக்கு ஒரு முளை. 120 அடிக் கயிற்றின் இரண்டு முனைகளையும் அந்த முளைகளில் மாட்டி, சரியாக 60 அடியில் போட்ட முடிச்சைப் பிடித்து வலப்பக்கம் விறைப்பாக இழுத்தால் முதல் பேஸ். இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். பந்து வீசுகிறவள் நிற்கும் பலகை பெண்களுக்கு இப்போது 43 அடியில். நான் சேர்ந்த காலத்தில் 40 அடிதான். கணித ஆசிரியர் இதைப் பிதாகரஸ் தேற்றம் என்பார். எனக்கு அது கயிறு.

இனி கணக்குக்கு வருகிறேன். என்னிடம் அணிப்பட்டியல் எழுதிய நோட்டுகள் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்துகொண்டது, என் நோட்டுகள் எம்மாத்திரம்? பரண் மேல் இருந்ததால் தப்பியவை நான்கு. அதில் 2011–12-ஆம் கல்வியாண்டின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஓரம் பழுப்பேறியிருக்கிறது, எழுத்து அழியவில்லை.

கூடைப்பந்துக்கு 12 பெயர். சாஃப்ட்பாலுக்கு 16 பெயர். கூட்டினால் 28. ஆனால் தலையை எண்ணினால் 21 பேர்தான். ஏழு பெண்கள் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள்.

கணித ஆசிரியர் உடனே பேனாவை எடுப்பார் என்று தெரியும். 12-இல் 7 போனால் 5. கூடைப்பந்து ஆட ஐந்து பேர் போதும். 16-இல் 7 போனால் 9. சாஃப்ட்பாலுக்கு ஒன்பது பேர் போதும். ஏழு பேரையும் எந்தப் பக்கம் தள்ளினாலும் மறுபக்கம் அணி நிற்கிறதே, பிறகென்ன? காகிதத்தில் இதைவிட அழகான கழித்தல் கணக்கு கிடையாது. மைதானத்தில் ஐந்து பேரை மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஐந்து ஃபவுல் செய்தவள் வெளியேற வேண்டும். பதிலுக்கு இறங்க பெஞ்சில் ஆள் இல்லை. நான்கு பேரோடு பாக்கி ஆட்டம். கணுக்கால் பிசகினால் மூன்று பேர். சாஃப்ட்பாலில் எஞ்சிய ஒன்பது பேரில் பந்து வீசுகிற பிட்சரும் இல்லை, அதைப் பிடிக்கிற கேட்சரும் இல்லை. அந்த இரண்டு பேரும் ஏழில் இருந்தார்கள். பிட்சர் இல்லாத சாஃப்ட்பால் அணி மடை இல்லாத குளம் மாதிரி. பார்க்க நிறைந்திருக்கும், ஒன்றுக்கும் ஆகாது.

ஏன் அந்த ஏழு பேரே இரண்டிலும் இருந்தார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. ஆசை காரணம் இல்லை. ஆயிரத்துக்கு மேல் பெண்கள் படித்த கல்லூரி. சாயங்காலம் நாலரைக்கு மேல் மைதானத்தில் நிற்க வீட்டில் விட்டவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. களக்காட்டுக்கும் திசையன்விளைக்கும் போகிற பெண்கள் கடைசி மணி அடிக்கும் முன்பே பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல காரியம். ஆனால் கட்டணம் போனதே தவிர, கடைசி டிரிப்பின் நேரம் அப்படியேதான் இருக்கிறது. விளையாட வந்த முப்பது பேரிலும் பந்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள் பாதி. உடற்கல்வி இயக்குநர் மேடம் யாரை நம்பி இரண்டு அணிகளை உருவாக்குவார்? கை உள்ளவளைத்தான் இரண்டிலும் கேட்பார். பெண்கள் போய்ப் பெயர் கொடுக்கவில்லை ஐயா, கேட்டு வாங்கினோம்.

அந்தப் பிட்சர் முக்கூடல் பெண். அம்மா பீடி சுற்றுகிறவர். இவளும் சிறு வயது முதல் சுற்றியவள். விரல் நுனியால் இலையைச் சுருட்டி மடக்குகிற கை, பந்தின் தையலைத் தடவிப் பார்க்காமலேயே பிடித்துவிடும். பனிரெண்டு அங்குலச் சுற்றளவுள்ள பந்து. முதல் நாள் கையில் கொடுத்தபோது, "அண்ணாச்சி, இதைப் போய் மென்பந்து என்கிறார்களே, தேங்காய் மாதிரி இருக்கிறது" என்றாள். மூன்றே மாதத்தில், கையைக் காற்றாடி போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழே அவள் பந்தை விடுகிற வேகத்துக்கு எங்கள் கேட்சர் இரண்டு கிளவுஸ் கேட்டாள். அதே பெண்தான் கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவளும். ஒன்றில் 7-ஆம் எண், மற்றதில் 14-ஆம் எண்.

2012 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரத்துச் சனிக்கிழமை. கல்லூரிகளுக்கிடையிலான சாஃப்ட்பால் நவம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது; மழையில் மைதானம் சகதியாகி இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் கூடைப்பந்து அரையிறுதியும் சாஃப்ட்பால் இறுதிப் போட்டியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. கூடைப்பந்து ஊருக்குள், காலை 9 மணி. சாஃப்ட்பால் ஊருக்கு வெளியே, பஸ்ஸில் முக்கால் மணித் தூரத்தில், 11.30. அட்டவணை போட்டவர்கள் நேரம் இருக்கிறதே என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் விடிவதற்கு முன்பே லோடு ஆட்டோவில் பேஸ்களையும் சுண்ணாம்பு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சாஃப்ட்பால் மைதானத்துக்குப் போய்விட்டேன்.

கூடைப்பந்தில் எதிரணி வந்த பஸ் வழியில் பழுதாகி, ஆட்டம் 10.20-க்குத்தான் ஆரம்பித்தது. பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதி, மொத்தம் நாற்பது நிமிடம் என்பது கடிகாரத்துக்கு. விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நிற்கும். முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். இடைவேளையில் மணி 11 ஆகிவிட்டது. நாங்கள் 11 புள்ளி முன்னிலை. மேடம் அந்தச் சில நிமிடத்தில் என்ன பாடுபட்டார் என்பதைப் பிறகு சொன்னார். பிட்சரையும் கேட்சரையும் மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மீதி ஐந்து பேரை வைத்துக்கொண்டார்.

ஆட்டோ 11.45-க்கு வந்தது. நடுவர் நல்ல மனிதர், பொறுத்திருந்தார். இரண்டு பெண்களும் கூடைப்பந்துச் சட்டைக்கு மேலேயே சாஃப்ட்பால் சட்டையை மாட்டினார்கள். மாற்ற அங்கே அறையும் இல்லை, கழிப்பறையும் இல்லை; அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பிட்சர் அவசரத்தில் ஸ்பைக் ஷூவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பெஞ்சில் இருந்த பெண்ணின் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது ஒரு அளவு சிறியது.

கூடைப்பந்துக்குக் கடிகாரம் உண்டு, சாஃப்ட்பாலுக்குக் கிடையாது. ஏழு இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஐந்தாவது இன்னிங்ஸில் ஏழு ரன் வித்தியாசம் இருந்தால் நிறுத்திவிடலாம். சமநிலையில் நின்றால் எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருக்கும். இதை அட்டவணை போடுகிறவர்கள் ஒருபோதும் நினைத்துப் பார்ப்பதில்லை. எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத ஆட்டத்தை, எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாத ஆட்டத்தோடு ஒரே நாளில் கட்டிவைத்தால் நடுவில் நசுங்குவது யார்?

என்னிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. ஊருக்குள் இருந்த எங்கள் வாட்ச்மேன் அவ்வப்போது கூப்பிட்டுக் கூடைப்பந்து நிலவரம் சொன்னார். ஒவ்வொரு முறை எங்கள் பெண்கள் பந்து வீசி முடித்து வெளியே வரும்போதும் பிட்சர் என்னைப் பார்ப்பாள். நான் விரலைக் காட்டுவேன். பதினொன்று என்பது எட்டானது. எட்டு மூன்றானது. நான்காவது இன்னிங்ஸ் நடக்கும்போது வாட்ச்மேன் கூப்பிட்டு, "முடிந்தது அண்ணாச்சி, நான்கு புள்ளியில் போய்விட்டது" என்றார். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

பொய்தான். அந்த நேரத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் 3–2 என்று ஜெயித்தோம். எல்லோரும் அவளைத் தூக்கினார்கள். இறக்கிவிட்டதும் நேரே என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நாளைக்கு பைனல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிக்கொண்டே இருந்தேன். 120 அடிக் கயிறு. சுருட்ட நேரம் எடுக்கும். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து, இரவல் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

திங்கட்கிழமை கூடைப்பந்துத் தோழிகள் அவளோடு பேசவில்லை. நீ இருந்திருந்தால் என்று ஒருத்தி சொன்னாளாம். அலுவலகத்தில் விளையாடப் போனவளுக்கு வகுப்பிலிருந்து விலக்குக் கேட்கும் ஓ.டி. கடிதம் ஒரே தேதிக்கு இரண்டு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு பெண் ஒரே நாளில் எப்படி இரண்டு இடத்தில் இருந்தாள் என்று ஒரு கேள்வி எழுந்தது. நல்ல கேள்வி. அதை அட்டவணை போடும்போது யாராவது கேட்டிருக்கலாம். பேட்டா என்னவோ ஒன்றுக்குத்தான் கிடைத்தது.

இப்போது கணித ஆசிரியர் சொல்கிற தீர்வுக்கு வருகிறேன். அது புதியதில்லை, நாங்கள் செய்து பார்த்தோம். மனம் நொந்த மேடம் அடுத்த கல்வியாண்டில் ஒருத்திக்கு ஒரு விளையாட்டு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழு பேரில் ஐந்து பேர் கூடைப்பந்தை எடுத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் கூடைப்பந்துத் தளம் இருக்கிறது, கல்லூரி முடித்த பிறகும் எங்கேயாவது ஆடலாம். முக்கூடல் பெண் சாஃப்ட்பாலை எடுத்தாள். ஜூலையில் சாஃப்ட்பாலுக்கு 11 பெயர் இருந்தது. டிசம்பரில் 8. ஒன்பது பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. அந்த வருடம் பெயரே பதிவு செய்யவில்லை. நான் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கவில்லை. பேஸ் இருந்த இடத்தில் அறுகம்புல் முளைத்தது. கூடைப்பந்தில் அவள் இடத்தில் ஆடத் தெரிந்தவள் யாரும் இல்லாமல் காலிறுதியோடு திரும்பினார்கள். ஒரு விதி, இரண்டு அணிகளையும் சாய்த்தது. ஒலிம்பிக்கிலும் சாஃப்ட்பாலின் கதை இப்படித்தான்: 1996-இல் சேர்த்தார்கள், 2008-க்குப் பிறகு எடுத்தார்கள், டோக்கியோவில் ஒருமுறை வைத்தார்கள், பாரிஸில் இல்லை, 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி வருகிறது. எங்கள் மைதானத்தில் புல்லைச் செதுக்கி மறுபடி கோடு போட மூன்று வருடம் ஆயிற்று. முக்கூடல் பெண் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

ஆசிரியர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. உடம்பு ஒன்றுதான். கூடைப்பந்தில் ஓயாமல் குதித்து, ஓட்டத்தில் திடீரென்று நின்று திரும்புவதால் முழங்கால் அடிபடும். பெண்களுக்கு அந்த முழங்கால் ஜவ்வுக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சாஃப்ட்பால் வீச்சு தோளைத் தின்னும். காலையில் சிமெண்ட், மதியம் மண். காலையில் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் பந்து, மதியம் இருநூறு கிராம்கூட இல்லாத பந்து. கைக்கு எடை பிடிபடவே ஒரு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் இரண்டும் ஆடவைப்பது கொடுமை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுமை இரண்டு ஆட்டத்தில் இல்லை, ஒரே நாளில் இருக்கிறது.

என் தகப்பனார் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பயிரிட்டவர். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்தால் கார் சாகுபடி, புரட்டாசியில் அறுப்பு. அதோடு அடுத்த நெல் போகமான பிசானம் தொடங்கிவிடும். கார் கதிர் வயலில் நிற்கும்போதே ஒரு மூலையில் பிசானத்துக்கு நாற்றுப் பாவிவிடுவார். அறுப்புக்கு வருகிற பெண்களேதான் நடவுக்கும் வர வேண்டும். ஊரில் வேறு ஆள் கிடையாது. அறுக்கிறவள் நடக் கூடாது என்று யாரும் விதி செய்ததாக நான் கேள்விப்படவில்லை. பக்கத்து வயல்காரரோடு வரப்பில் உட்கார்ந்து, உனக்குச் செவ்வாய், எனக்கு வியாழன் என்று பேசி முடிப்பார்கள். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான் ஆகும்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் 1990-களில் ஆடிய வள்ளியூர்ப் பெண் ஒருத்தி அங்கே நர்ஸாக இருக்கிறாள். பொங்கலுக்கும் ஈஸ்டருக்கும் போன் செய்வாள். அவள் மகள் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டையும் ஆடுகிறாள். அங்கே பெண்கள் கூடைப்பந்து நவம்பரில் தொடங்கி மார்ச் வரை, பெரிய கல்லூரிகளுக்கு ஏப்ரல் முதல் வாரம் வரை போகும். சாஃப்ட்பால் பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை. ஆக, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒன்றின் வால் மற்றதன் தலையில் ஏறும். இங்கே மழை கெடுப்பதை அங்கே பனி கெடுக்கிறது. வடக்கு மாநிலங்களில் சாஃப்ட்பால் அணிகள் அந்த மாதங்களில் கூரைக்குக் கீழே பயிற்சி எடுக்கும், அல்லது தெற்கே போய் ஆடும். படிப்பில் ஆண், பெண் என்ற பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த சட்டத்தால்தான் அங்கே பெண்களுக்கு இத்தனை அணிகள் வந்தன என்றாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. அவள் மகளின் இரண்டு பயிற்சியாளர்களும் ஆகஸ்டிலேயே உட்கார்ந்து பேசிவிட்டார்களாம். கூடைப்பந்து முடியும்வரை சாஃப்ட்பால் பயிற்சியாளர் அவளை வாரத்தில் இரண்டு நாள், பந்து வீச மட்டும் கூப்பிடுவார். முடிந்ததும் ஒரு வாரம் யாரும் கூப்பிடக் கூடாது. அங்கே பெரிய கல்லூரிகளில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று விதியே இருக்கிறது. நாம் அங்கிருந்து சட்டையையும் ஷூவையும் வாங்குகிறோம், இதையும் வாங்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு வழியைச் சொல்கிறேன். கோடு போட்டவனுக்கு மண்ணைப் பற்றித் தெரிகிற அளவுக்குக் கூட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாது. சிமெண்ட் தளம் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் காயும். தென்னந்துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினால் அரை மணியே போதும். சாஃப்ட்பால் மைதானம் ஒரு கனமழைக்குப் பிறகு மூன்று நாள் கால் வைக்க முடியாது. ஆக மழைக்காலத்துக்குத் தாங்கும் ஆட்டம் எது? ஆனால் எங்கள் பக்கம் நடப்பது நேர்மாறு. கூடைப்பந்தை வறண்ட ஜூலையிலும் ஆகஸ்டிலும் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். சாஃப்ட்பாலை ஐப்பசி, கார்த்திகையில் வைக்கிறார்கள். அது நனைந்து, நவம்பர் செமஸ்டர் தேர்வில் முட்டி, பொங்கலுக்குப் பின்னால் போய்க் கூடைப்பந்தின் கடைசிச் சுற்றுகள் மேல் விழுகிறது. திருப்பிப் போட்டால் என்ன? ஆடிக்காற்று அடங்கட்டும், அந்தக் காற்றில் சுண்ணாம்புப் பொடி தூவினால் கோடு பக்கத்துத் தெருவில் விழும், அது எனக்குத் தெரியும். ஆவணி நடுவிலிருந்து புரட்டாசி முடிய நம் ஊரில் நல்ல வெயில், மண் இறுகிக் கிடக்கும். சாஃப்ட்பாலை அதில் முடித்துவிடலாம். கூடைப்பந்தைத் தேர்வு கழிந்து டிசம்பர், ஜனவரியில் வைத்தால் மழை பெய்தாலும் ஒரு மணி நேரம்தான் நஷ்டம். அதையும் மீறி ஏதாவது தள்ளிப்போனால், புதிய தேதி குறிக்கும் முன்பு இரண்டு அணிப்பட்டியல்களையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் இருக்கிற பெயர்களை ஒரு சிவப்பு மையால் சுழித்துவிட்டு, நடுவில் இரண்டு நாள் விடட்டும். இதற்குக் கமிட்டி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு சிவப்புப் பேனா.

விளையாட்டுச் சான்றிதழுக்கு இன்றைக்கு மதிப்பு இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. முக்கூடலிலும் நாங்குநேரியிலும் இருந்து வருகிற பெண்ணுக்கு இரண்டு கதவு திறந்திருக்கும்போது, ஒன்றைச் சாத்து என்று சொல்ல அட்டவணையைத் தவிர வேறு காரணம் இருந்தால் கணித ஆசிரியர் எனக்கு எழுதட்டும்.

முப்பத்தைந்து வருடத்தில் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். மார்க்கரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. இப்போது சொல்ல ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி வேறொரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடைப்பந்திலும் இருக்கிறாள், சாஃப்ட்பாலில் கேட்சராகவும் இருக்கிறாள். கொடியில் இரண்டு நிறச் சட்டை காய்வதைப் பார்க்கும்போதெல்லாம் தேதியைக் கேட்டுவிடுகிறேன். இந்தப் பருவத்துக்கு வந்திருக்கிற அட்டவணையில் வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கூடைப்பந்து என்று இருக்கிறது. அதே சனிக்கிழமை 12 மணிக்குச் சாஃப்ட்பால் என்றும் இருக்கிறது. இடம் மட்டும் மாறியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, மாற்ற நேரம் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் சீக்கிரம் வெளியிட்டால் நல்லது. பேத்திக்காக என் பெயரைப் போட வேண்டாம்.

அவள் கல்லூரியில் மார்க்கர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பவில்லை. பெண்களே கோடு போடுகிறார்கள். நான் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன். கணித ஆசிரியருக்கு நேரம் இருந்தால் வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வரலாம். முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். முடிச்சைப் பிடித்து இழுக்க நான் இருக்கிறேன். எனக்கு இப்போது குனிந்து முளையை அழுத்திப் பிடிக்க முதுகு ஒத்துழைப்பதில்லை, ஹோம் பிளேட் பக்கம் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. தொப்பி கொண்டு வரட்டும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மைதான மார்க்கர்,
திருநெல்வேலி.